கொழுந்தை விற்பதா, செடியை விற்பதா? பாடகர்கள் ஏன் பெரிய கம்பெனிகளை விட்டு வருவதில்லை

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலைக் கணக்கு எழுதுவது என் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் கீபோர்டும் வாசிப்பேன். ஒன்று சோற்றுக்கு, இன்னொன்று ஆசைக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போன மாதம் அக்கா மகன் ஒரு காகிதக் கட்டோடு வந்தான். பாடுகிற பையன். அவனே எழுதி மெட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றிய ஒரு பாட்டு எங்கள் பக்கம் நிறையப் பேர் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட ஒரு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. 14 பக்கம், அத்தனையும் இங்கிலீஷ்.

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு பேச்சு. “யூடியூப் இருக்கு, ஸ்பாட்டிஃபை இருக்கு, இன்னும் எதுக்குடா கம்பெனி?” என்றார் ஒருவர். “உலகப் பாடகர்களே கம்பெனியை விட்டு வரப் பயப்படுறாங்க, நீ என்ன பெரிய ஆளா?” என்றார் இன்னொருவர். கம்பெனி என்ன செய்கிறது, விட்டு வந்தால் எது கையில் மிஞ்சும், எது போகும் என்று இருவருக்குமே தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. அந்த 14 பக்கத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியதில் புரிந்ததை எனக்குத் தெரிந்த இலைக் கணக்கை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ஃபேக்டரி இல்லாமல் இலை என்ன ஆகும்?

காலையில் பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரிக்கு வந்தாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம் இலையை வாட்டத் தொட்டி இல்லை, அரைக்க மெஷின் இல்லை, உலர்த்த டிரையர் இல்லை. குன்னூர் ஏலத்துக்குத் தூளை அனுப்பும் வழியும் இல்லை. ஃபேக்டரிக்காரர் நல்லவரோ கெட்டவரோ, சாயங்காலத்துக்குள் அவர் வாசலில் மூட்டை இறங்கியாக வேண்டும்.

பாட்டுத் தொழிலும் பல காலம் இப்படித்தான் நடந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை கிராமபோன் கம்பெனி பதிவு செய்தபோது, தட்டு அச்சடிக்கும் வசதி பாடகர் யாரிடமும் கிடையாது. பதிவு செய்ய, அச்சடிக்க, ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்ப, ரேடியோவில் போட வைக்க என்று எல்லாவற்றுக்கும் கம்பெனிதான். இப்படிப் பாட்டைப் பதிவு செய்து வெளியிட்டு விற்கும் கம்பெனிக்குப் பெயர் லேபிள். இன்று உலக அளவில் யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்றும்தான் பெரியவை. நாலாவதாக இருந்த ஈ.எம்.ஐ. 2012, 2013-ல் துண்டாகி இந்த மூன்றுக்குள் போய்விட்டது. நம் நாட்டில் பழைய கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகமவும் டி-சீரிஸும் பெரிய தலைகள்.

இன்று நிலைமை வேறு. லேப்டாப்பிலேயே பதிவு செய்யலாம், அச்சடிக்கத் தட்டே தேவையில்லை. வீட்டுக்கு வீடு குட்டி ஃபேக்டரி வந்துவிட்ட மாதிரி. பிறகும் ஏன் லேபிள்? இந்தக் கேள்விக்குப் போகும் முன் பாட்டு என்ற சொத்து எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் டீக்கடைப் பேச்சு தடம் புரண்டதே அங்கேதான்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, மெட்டும் வரிகளும். இது உண்டாக்கியவருடையது. யார் பாடினாலும், எத்தனை முறை புதிதாகப் பதிவு செய்தாலும் இந்தச் சொத்து ஒன்றுதான். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட நாளில் பாடிப் பதிவான அந்த ஒலி. இதற்கு மாஸ்டர் என்று பெயர். பதிவு செய்யும் பொறுப்பை ஏற்றவரே மாஸ்டருக்கு முதல் உரிமையாளர் என்கிறது நம் காப்புரிமைச் சட்டம். தன் காசில் தானே பதிவு செய்தால் பாடகருக்கு. லேபிள் செய்தால் லேபிளுக்கு. வெளியான வருஷத்துக்கு அடுத்து 60 வருஷம் அந்த உரிமை ஓடும்.

தமிழில் இந்தப் பேச்சு கூடுதலாகக் குழம்புவதற்குக் காரணம் சினிமா. நம் ஊரில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதான். அங்கே இசையமைப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் படத் தயாரிப்பாளர். பாட்டு உரிமையை ஆடியோ கம்பெனிக்கு விற்பதும் அவரே. அதனால் ‘இசையமைப்பாளர் லேபிளை விட்டு வெளியே வர வேண்டியதுதானே’ என்று பேசுவதில் பொருளில்லை. பெரும்பாலும் அவர் லேபிளோடு கையெழுத்தே போட்டிருக்க மாட்டார். சினிமாப் பாட்டின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெகு காலம் கழித்து 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படமாக ஓடுவது போக, வேறெங்கே பாட்டு பயன்பட்டாலும் வரும் ராயல்டியில் சரிபாதிப் பங்கை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. சினிமாவில் இல்லாத தனிப்பாட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ராயல்டி என்பது, பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குத் தொகை.

சரி, இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டும் வரியும் ஒரு சொத்து, பதிவான ஒலி இன்னொரு சொத்து. லேபிள் முதலில் கண் வைப்பது பதிவான ஒலிமீது.

அட்வான்ஸ் நோட்டு

இனி என் பேரேட்டுக்கு வருவோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் எங்கள் ஃபேக்டரியில் அட்வான்ஸ் கேட்டு ஆட்கள் வருவார்கள். ஒருவர் 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைப்போம். மாதம் 400 கிலோ இலை போடுகிறவர். கணக்கு எளிதாக இருக்கட்டும், கிலோ 20 ரூபாய். மாதம் 8,000 ரூபாய் அவர் பெயரில் விழும். அதில் 2,000 பிடிப்பேன். அஞ்சு மாதத்தில் கடன் தீர்ந்தது. ஆறாவது மாதம் முழு 8,000 கையில் வாங்கிக்கொண்டு போவார்.

இதே நோட்டை லேபிள் முறையில் எழுதிப் பார்க்கிறேன். 8,000 ரூபாய்க்கு இலை வந்தாலும் அதில் அவர் பங்கு 20 சதவீதம்தான், அதாவது 1,600. மீதி 6,400 ஃபேக்டரிக்கு. அந்த 1,600-ஐ முழுசாகக் கடனில் கழிப்பேன். 10,000 தீர ஏழாவது மாதம் ஆகிவிடும். அதுவரை அவர் கைக்கு ஒரு ரூபாய் போகாது. தீர்ந்த பிறகும் மாதம் 1,600-தான். ஃபேக்டரியோ இரண்டாவது மாதமே போட்ட பணத்தை எடுத்துவிட்டிருக்கும். கடைசியில், கடன் தீர்ந்தாலும் செடி ஃபேக்டரி பெயரில்!

இந்த நோட்டை நீட்டினால் எங்கள் ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். என்னையும் சும்மா விட மாட்டார்கள்.

ஆனால் லேபிள் ஒப்பந்தத்தின் அடிப்படை வடிவம் இதுதான், செடி இருக்கும் இடத்தில் மாஸ்டர். மேல்நாடுகளில் புதுப் பாடகருக்கு 15 முதல் 20 சதவீதம் என்பது நெடுங்காலமாகச் சகஜம். பாடகரின் பங்கிலிருந்து மட்டும் அட்வான்ஸைக் கழித்துக்கொண்டே வருவதற்கு ரிக்கூப் என்று பெயர். பதிவுச் செலவு, வீடியோச் செலவில் ஒரு பகுதி என்று வேறு சிலவும் அந்தக் கடன் பக்கத்திலேயே ஏறும். முதல் ஆல்பத்தின் பாக்கியை இரண்டாவது ஆல்பத்தின் வருமானத்தில் பிடிப்பதும் உண்டு. இப்படியே பல பத்தாண்டுகள் கடன் தீராமல் கிடந்தவர்கள் ஏராளம். 2000-க்கு முன் கையெழுத்திட்டவர்களின் தீராத பாக்கியை இனிப் பிடிப்பதில்லை என்று 2021-ல் சோனி அறிவித்தது. அடுத்த ஆண்டே மற்ற இரண்டும் அதே வழிக்கு வந்தன. இருபது வருஷத்துக்கும் மேலாகத் தீராத பாக்கிகள் அவ்வளவு இருந்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்.

இவ்வளவு மோசமான நோட்டில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்? இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடும் ஒரு வரி இருக்கிறது. பாட்டு ஓடாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து எங்கள் பக்கம் செடி கருகுவதுண்டு. அந்த மாதம் இலை வரவில்லை என்பதற்காக எங்கள் முதலாளி அட்வான்ஸைத் தள்ளுபடி செய்ததில்லை, அடுத்த மாதம் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். பாங்க் என்றால் பத்திரத்தைக் கேட்கும். லேபிள் மட்டும் நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும். வெளியிடும் பாட்டுகளில் பாதிக்கு மேல் தேறாது என்று அதற்குத் தெரியும். தேறும் ஒன்றிரண்டில்தான் மொத்தத்தையும் எடுக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் 22 வயதுப் பையனுக்கு, தோற்றால் திருப்பித் தர வேண்டாத பணம் வேறு யார் கொடுப்பார்கள்? எந்த பாங்க் கொடுக்கும்?

சுருக்கமாக, லேபிள் கொடுப்பது ஒரு விசித்திரக் கடன். தோற்றால் நஷ்டம் அதற்கு. ஜெயித்தால் பெரும் பங்கும் மாஸ்டரும் அதற்கு.

விட்டுப் போகலாம், செடி வராது

எங்கள் விவசாயிக்கும் லேபிள் பாடகருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கே வருகிறது, என் ஒப்பீடும் இங்கே கொஞ்சம் நொண்டுகிறது. பாக்கி இல்லாத விவசாயி நாளைக்கே வேறு ஃபேக்டரிக்கு இலையைத் திருப்பலாம். செடி அவருடையது, அடுத்த வாரமும் துளிர்க்கும். லேபிளை விட்டு வரும் பாடகர் தொண்டையை மட்டும்தான் கொண்டுவர முடியும். அதுவரை பாடியதெல்லாம் அங்கேயே இருக்கும், அங்கேயே சம்பாதித்துக்கொண்டிருக்கும்.

வெளியே வருவதும் அவர் இஷ்டத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் ஆப்ஷன் என்று ஒன்று இருக்கும். ஒரு ஆல்பத்துக்குக் கையெழுத்து, அது ஓடினால் அடுத்த நாலு, அஞ்சு ஆல்பத்தையும் கேட்டு வாங்கும் உரிமை லேபிளுக்கு. கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது லேபிள், பாடகர் அல்ல.

பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். வார்னரோடு மல்லுக்கு நின்றவர். 1993-ல் தன் பெயரையே விட்டுவிட்டு உச்சரிக்க முடியாத ஒரு சின்னத்தைப் பெயராக வைத்துக்கொண்டார். பின்னால் கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். 1996-ல் வெளியே வந்தார். பழைய மாஸ்டர்கள் மட்டும் வரவில்லை. அவை கைக்கு வர வழி பிறந்தது 2014-ல், அதுவும் அதே வார்னரோடு மறுபடி ஒப்பந்தம் போட்டுத்தான்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கதை இப்போது பலருக்கும் தெரியும். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-ல் பழைய லேபிளோடு சேர்த்து வேறொருவருக்கு விற்கப்பட்டன. மெட்டும் வரியும் அவருடைய சொத்தாக இருந்ததால், அதே பாட்டுகளை மறுபடி பாடிப் புது மாஸ்டர் உண்டாக்கினார். முதல் மறுபதிவு 2021-ல் வந்தது. 2025-ல் பழையவற்றையும் காசு கொடுத்தே வாங்கிவிட்டார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். 2018-ல் பழைய லேபிளை விட்டு வந்தவர் தனியாக நிற்கவில்லை. நேராக யுனிவர்சலில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு ஷரத்தை மாற்றி: இனிப் பாடுவதன் மாஸ்டர் தனக்கு.

எனக்கு இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி என்று தோன்றுகிறது. அவரிடம் இல்லாத பணமா, ரசிகர் கூட்டமா? ஆனாலும் ஃபேக்டரி வேண்டியிருந்தது. வேண்டாதிருந்தது செடியைக் கொடுப்பது மட்டும்.

நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரெண்ட் ரெஸ்னரும் அப்படித்தான். 2007-ல் லேபிளை விட்டு, இணையத்தில் இலவசமாகவே பாட்டு வெளியிட்டுப் பெயர் வாங்கினார். சில வருஷம் கழித்து சோனியின் கொலம்பியா லேபிளில் போய்ச் சேர்ந்தார். தனியாக வெளியிடுவதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு என்பதுதான் அவர் சொன்னது.

அப்போ யூடியூப் எதற்கு?

தனியாக நிற்பவருக்கு இன்று வழி இருக்கிறது, மறுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்று சில கம்பெனிகள் உண்டு. வருஷக் கட்டணமோ சின்னக் கமிஷனோ வாங்கிக்கொண்டு பாட்டை எல்லா ஆப்களிலும் ஏற்றிவிடும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் எல்லாம் அந்த ரகம். மாஸ்டர் பாடகரிடமே இருக்கும். லாரி வாடகைக்கு வைப்பது போல என்று சொல்லலாம். இலை சந்தைக்குப் போய்விடும். வாங்க ஆள் வருவது வேறு கதை.

ஆப்களில் ஒரு நாளைக்கு ஏறும் புதுப் பாட்டுகள் 1 லட்சத்துக்கும் மேல். ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலையும் கிடையாது. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்குகிறார்கள். மொத்தம் ஓடியதில் உங்கள் பாட்டு எத்தனை பங்கோ, அத்தனை பங்கு உங்களுக்கு. உங்கள் பாட்டு போன மாதம் போலவே ஓடினாலும் ஊரில் மற்ற பாட்டெல்லாம் இரட்டிப்பாக ஓடினால் உங்கள் காசு குறையும். 2024-லிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டின் மாஸ்டருக்குப் பணமே இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டை முன்னால் தள்ளிவிடுவது ஆள்பலம். பத்திரிகைக்குப் பேச ஒருவர், ரேடியோவுக்கு ஒருவர், ஆப்காரர்களிடம் நச்சரிக்க ஒருவர், வெளிநாட்டில் வசூலிக்க ஒருவர். தனியாக வந்தால் இந்தச் சம்பளமெல்லாம் பாடகர் கையிலிருந்து போகும். முன்னால் சொன்ன விசித்திரக் கடனைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும், தோற்றால் நஷ்டமும் தன்னுடையதே. பயம் என்று டீக்கடையில் சொன்னது இந்தக் கணக்கைத்தான். என்னைக் கேட்டால் அது கோழைத்தனம் இல்லை. வீட்டுச் செலவு தெரிந்தவன் போடும் கணக்கு.

லேபிளுக்குப் பேரம் பேசும் பலம் வேறு இருக்கிறது. நம் நாட்டில் 2020-லேயே தடையாகிவிட்ட டிக்டாக்கோடு, காசு போதவில்லை என்று 2024 தொடக்கத்தில் யுனிவர்சல் முறைத்துக்கொண்டு தன் பாட்டுகளை மொத்தமாக எடுத்துவிட்டது. மே மாதம் புது ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பக் கொடுத்தது. தனிப் பாடகர் ஒருவர் பாட்டை எடுத்தால் டிக்டாக்குக்குத் தெரியவே தெரியாது. அதே சமயம், எடுக்கும்போது யுனிவர்சல் தன் பாடகர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டா எடுத்தது? அதுவும் உள்ளே இருப்பதன் விலை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. தனியார் ஃபேக்டரி விலையில் திணறிய நீலகிரி விவசாயிகளுக்கு 1960-களில் கூட்டுறவு ஃபேக்டரிகள் வந்தன, இன்று இண்ட்கோசர்வ் என்ற பெயரில் ஒன்றாக நிற்கின்றன. சின்ன லேபிள்கள் சேர்ந்து ஆப்களோடு மொத்தமாகப் பேரம் பேச மெர்லின் என்ற அமைப்பை வைத்திருப்பதும் அந்த மாதிரிதான். கூட்டுறவு வந்ததால் எங்கள் பக்கம் இலை விலைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

அந்த 14 பக்கம்

மருமகனும் நானும் ஆபீஸ் மேஜையில் காகிதங்களைப் பரப்பி, போனில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டே வரிவரியாகப் போனோம். நான்காம் பக்கத்தில் மாஸ்டர் ‘நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதற்கும்’ கம்பெனிக்கு என்று இருந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான், “செவ்வாய் கிரகத்துல ஓடினாலும் அவங்களுக்குத்தானாம் மாமா.” வேடிக்கைதான், ஆனால் இந்தத் தொழிலில் அது வழக்கமான வாசகமாம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பெனி வக்கீல்கள் இரண்டையும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

எழுதியதும் மெட்டுப் போட்டதும் அவனே என்பதால் அந்த ராயல்டியில் பாதி சட்டப்படி அவனுடையது. அதற்கு, பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கத்தில் பதிய வேண்டும் என்று குறித்துக்கொண்டான். அட்வான்ஸ் தொகை மோசமில்லை. ஆப்ஷன், இன்னும் மூன்று ஆல்பத்துக்கு.

“மாமா, பிரபஞ்சத்தை அவங்களே வச்சுக்கட்டும். நிரந்தரத்தை மட்டும் பத்து வருஷம்னு மாத்தச் சொல்லிக் கேட்டா ஒத்துக்குவாங்களா?”

“கேட்டுப் பாரு.”

அங்கேயே உட்கார்ந்து மெயில் அடித்தான். வெளியே முதல் லாரி வந்திருந்தது. மழையில் நனைந்த இலை, ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று தராசடியில் சண்டை. நான் எழுந்து போனேன்.

மூன்று வாரமாகிவிட்டது, கம்பெனியிலிருந்து பதில் இல்லை. நேற்று யூடியூபில் அடுத்த பாட்டை ஏற்றியிருக்கிறான்.